‘உங்கள் லைசென்ஸ் எப்போதாவது ரத்தானது உண்டா?’ – புரொபேஷனில் இருக்கும் அமெரிக்க நர்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு நர்ஸ் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டு புரொபேஷன் விதிக்கப்பட்டால், அந்த உத்தரவின் சாரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது. ஆனால் அந்த ரத்து நிறுத்தி வைக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக மூன்று ஆண்டுகள் புரொபேஷன்.

படிக்கும்போது ‘அப்பாடா’ என்றுதான் இருக்கும். லைசென்ஸ் கையில் இருக்கிறது, வேலைக்குப் போகலாம். ஆனால் அடுத்து மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ விண்ணப்பத்தைத் திறந்தால் ஒரு கேள்வி காத்திருக்கும். உங்கள் தொழில் லைசென்ஸ் எப்போதாவது ரத்து, சஸ்பெண்ட், கட்டுப்பாடு அல்லது புரொபேஷனுக்கு உள்ளானது உண்டா? ஆம் அல்லது இல்லை.

கேள்வியில் புரொபேஷன் என்ற சொல்லே இருந்தால் குழப்பம் இல்லை. சில படிவங்கள் ‘ரத்தானது உண்டா’ என்று மட்டும் கேட்கும். ‘ரத்தைத்தான் நிறுத்தி வெச்சுட்டாங்களே, அப்போ இல்லைன்னு போட்டா என்ன தப்பு?’ என்று தோன்றுவது இயல்பு. அதுதான் பொறி. உத்தரவில் ரத்து என்ற வார்த்தை இருக்கிறது. நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது அதன் அமலாக்கம் மட்டுமே. பாதுகாப்பான பதில் ‘ஆம்’, கூடவே ஒரு விளக்கக் கடிதம்.

சரி, ‘ஆம்’ என்று போட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? கிடைக்கும் வழிகள் உண்டு. ஆனால் கிடைக்கும் பாலிசியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புரொபேஷன்னா இங்கே வேற அர்த்தம்

நம்மூர் ஐ.டி. கம்பெனியில் புரொபேஷன் என்றால் வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம். அமெரிக்க நர்ஸிங்கில் அது தண்டனையின் ஒரு வடிவம். அங்கே நர்ஸ்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசு அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நர்ஸிங் போர்டு இருக்கிறது. மருந்து கொடுப்பதில் தவறு, ஆவணங்களில் குளறுபடி, மருத்துவமனையின் போதை மருந்துகளை எடுத்தது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டது எனக் காரணம் பலவாக இருக்கலாம். டியூட்டியில் இல்லாதபோது நடந்ததும் போர்டு வரை போகும்.

இதே சொல்லுக்குக் கோர்ட்டில் இன்னொரு அர்த்தம் இருக்கிறது. உலகம் முழுக்க நர்ஸ்களிடையே பேசப்பட்ட ரடோண்டா வாட் வழக்கில் இது தெளிவாகத் தெரியும். டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் 2017-ல் தவறான மருந்து செலுத்தப்பட்டு 75 வயது நோயாளி இறந்தார். 2021-ல் நர்ஸிங் போர்டு வாட்டின் லைசென்ஸை ரத்து செய்தது. 2022-ல் கோர்ட் அவருக்கு மூன்று ஆண்டுகள் புரொபேஷன் விதித்தது. அது குற்றவியல் தண்டனை. லைசென்ஸ் புரொபேஷன் அல்ல. விண்ணப்பங்களில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விகள் இருக்கலாம். ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்குப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லைசென்ஸ் புரொபேஷனில் இருப்பவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? கலிஃபோர்னியா போர்டின் வழக்கமான நிபந்தனைகளைப் பார்த்தாலே புரியும். புதிய வேலையில் சேர போர்டின் ஒப்புதல் வேண்டும். மேலதிகாரியின் கண்காணிப்பில்தான் வேலை பார்க்க வேண்டும். எழுத்து வடிவில் அறிக்கைகள் தர வேண்டும். விசாரணைச் செலவையும் நர்ஸே கட்ட நேரிடலாம். போதைப் பொருள் தொடர்பான வழக்கு என்றால், எந்த நாளில் கூப்பிட்டாலும் போய்ப் பரிசோதனை கொடுக்க வேண்டும். வேறு மாநிலத்தில் வசித்த காலமும் வேலை பார்த்த காலமும் புரொபேஷன் கணக்கில் சேராது. தற்காலிக ஏஜென்சி வழியாகவோ, டிராவல் நர்ஸாகவோ, தனியார் வீடுகளில் தனிப்பட்ட நர்ஸாகவோ வேலை செய்யக் கூடாது என்பதும் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று. இதற்கும் இன்ஷூரன்ஸுக்கும் உள்ள தொடர்பு பின்னால் வரும்.

ஹாஸ்பிட்டலே இன்ஷூரன்ஸ் வெச்சிருக்குமே?

வைத்திருக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண நர்ஸ் தனியாக பாலிசி எடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. டியூட்டியில் நடந்த தவறுக்கு நோயாளி வழக்குப் போட்டால், பொதுவாக மருத்துவமனையும் பொறுப்பாளி. அதன் பாலிசி நர்ஸுக்கும் பொருந்தும். கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2802-வது பிரிவு ஒரு படி மேலே போய், வேலையைச் செய்ததால் நேரடியாக ஏற்பட்ட இழப்பை முதலாளிதான் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது.

ஆனால் அந்த பாலிசியின் முதல் வேலை மருத்துவமனையைக் காப்பாற்றுவது. வழக்கை சமரசமாக முடிக்கலாமா, கூடாதா என்பதில் நர்ஸின் விருப்பத்தைக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லாமல் இருக்கலாம். நர்ஸ் சார்பில் பணம் கொடுத்து முடித்தால், அந்தத் தகவல் தேசிய மருத்துவப் பணியாளர் தரவு வங்கிக்குப் போகும். 1990 முதல் இயங்கும் இந்த வங்கியைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. மருத்துவமனைகள் பார்க்கலாம்.

முக்கியமான ஓட்டை இன்னொன்று. நர்ஸிங் போர்டு விசாரணைக்குக் கூப்பிட்டால், வக்கீல் ஃபீஸை மருத்துவமனையின் பாலிசி கொடுக்கும் என்று நம்பி உட்கார முடியாது. பல நேரங்களில் போர்டுக்குப் புகார் அனுப்பியதே மருத்துவமனையாகத்தான் இருக்கும்! நர்ஸ்கள் சொந்தமாக பாலிசி எடுப்பதற்குச் சொல்லப்படும் வலுவான காரணம் இதுதான். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நர்ஸுக்கு இது பெரிய செலவும் அல்ல. சிக்கல் எதுவும் இல்லாதவருக்கு ஆண்டு பிரீமியம் 100 டாலரை ஒட்டியே தொடங்கும். ஒரு வழக்குக்கு 10 லட்சம் டாலர் வரை கவரேஜ் என்பது பரவலாக விற்கப்படும் அளவு. அதோடு ‘லைசென்ஸ் புரொடெக்‌ஷன்’ என்று ஒரு பகுதி இருக்கும். போர்டு விசாரணைக்கான வக்கீல் செலவை ஒரு வரம்பு வரை அது கொடுக்கும்.

கம்பெனி எதைப் பார்த்து பயப்படுகிறது?

புரொபேஷன் என்ற ஒற்றை வார்த்தையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. இணையத்தில் நிமிடங்களில் விலை சொல்லும் வழக்கமான திட்டங்களில் ‘ஆம்’ என்று போட்டதும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம், அல்லது அண்டர்ரைட்டர் என்கிற மதிப்பீட்டாளரிடம் போகலாம். அவர் பார்ப்பது: நோயாளிக்குப் பாதிப்பு நடந்ததா, எவ்வளவு காலம் ஆகிறது, ஒருமுறை நடந்ததா அல்லது பழக்கமா, இப்போது எந்த வார்டில் என்ன வேலை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. புரொபேஷன் உத்தரவு பொது ஆவணம். நாளை வேறு ஒரு நோயாளி வழக்குப் போட்டால், ‘இவர் மேல் நடவடிக்கை இருப்பது தெரிந்தும் வேலை கொடுத்தீர்கள்’ என்று அந்த வக்கீல் மருத்துவமனையையும் சேர்த்துப் பிடிப்பார். புதிய வழக்கில் நர்ஸ் மேல் தப்பே இல்லாவிட்டாலும், வாதாடும் செலவு கூடும். கம்பெனி பிரீமியத்தை ஏற்றுவது இதையும் சேர்த்துத்தான்.

மறைச்சா என்ன ஆகும்?

முதலில், மறைக்கவே முடியாது. கலிஃபோர்னியாவில் மாநில அரசின் லைசென்ஸ் தேடல் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் போதும். புரொபேஷன் என்ற நிலை தெரியும், உத்தரவின் நகலையே திறந்து படிக்கலாம். பல மாநில போர்டுகளின் தகவலைத் திரட்டும் ‘நர்சிஸ்’ என்ற தேசியத் தளமும் இலவசம்.

அப்படியும் சிலருக்கு ‘இல்லை’ என்று போட்டு பாலிசி வந்துவிடலாம். இதுதான் மிக மோசமான நிலை. பிரீமியம் போய்க்கொண்டிருக்கும், நர்ஸும் நிம்மதியாக இருப்பார். வழக்கு வந்து கம்பெனியிடம் போகும்போதுதான் விண்ணப்பத்தைத் தோண்டி எடுப்பார்கள். கலிஃபோர்னியா இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 331-வது பிரிவு, முக்கியத் தகவலை மறைத்தால், வேண்டுமென்றே மறைத்தாலும் தெரியாமல் விட்டாலும், பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே ரத்து செய்யும் உரிமையைக் கம்பெனிக்குத் தருகிறது. ‘தெரியாம டிக் பண்ணிட்டேன்’ என்பது அங்கே செல்லாது. புரோக்கர் நிரப்பிக் கொடுத்த படிவம் என்றாலும் கையெழுத்து நர்ஸுடையது.

இன்னொரு விஷயம். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதும் புரொபேஷன் நிபந்தனைதான். விண்ணப்பத்தில் பொய் சொன்னது போர்டுக்குத் தெரிந்தால், அதுவே புதிய குற்றச்சாட்டாக மாற இடமிருக்கிறது.

இதில் நியாயமான ஒரு சந்தேகம் உண்டு. போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்பும் நர்ஸ்களுக்கு, தண்டனைக்கு மாற்றாகச் சில மாநிலங்களில் தனித் திட்டங்கள் இருக்கின்றன. டெக்சாஸில் சக நர்ஸ்கள் உதவித் திட்டம், ஃபுளோரிடாவில் நர்ஸ்களுக்கான தலையீட்டுத் திட்டம் ஆகியவை அந்த வகை. இவற்றில் சேர்ந்தவர் மீது பொது உத்தரவே இல்லாமல் இருக்கலாம். அவர் ‘ஆம்’ போட வேண்டுமா? கேள்வியின் வார்த்தைகளைப் பொறுத்தது. ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்று கேட்கிறார்களா, ‘புகார் அல்லது விசாரணை’ என்று கேட்கிறார்களா, ‘சிகிச்சைத் திட்டம்’ என்று கேட்கிறார்களா? இந்த இடத்தில் ஊகிக்காமல், லைசென்ஸ் வழக்குகளைப் பார்க்கும் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கதவு மூடினா, பக்கத்துக் கதவு

வழக்கமான கம்பெனிகள் மறுத்தால் அடுத்த இடம் ‘சர்ப்ளஸ் லைன்ஸ்’ சந்தை. மற்ற கம்பெனிகள் தொடத் தயங்கும் ரிஸ்க்குகளை எடுத்துக்கொள்வதற்கென்றே இருக்கும் சந்தை இது. நேரடியாகப் போய் வாங்க முடியாது; இதற்கென லைசென்ஸ் உள்ள புரோக்கர் வேண்டும். கலிஃபோர்னியாவில் வழக்கமான கம்பெனிகள் மூன்று மறுத்துவிட்டன என்று புரோக்கர் பதிவு செய்வது நடைமுறை. அதனால் மறுப்புக் கடிதங்களைக் கோபத்தில் அழித்துவிடாமல் சேர்த்து வைப்பது நல்லது. அதுவும் ஒரு ஆவணம்தான்.

விலை கூடும். மேலே 3 சதவீதம் மாநில வரியும் உண்டு. அதைவிட முக்கியம், கம்பெனி திவாலானால் மாநிலத்தின் உத்தரவாத நிதி கைகொடுக்காது. ஆகவே கம்பெனியின் நிதி நிலை ரேட்டிங்கை புரோக்கரிடம் கேட்டே ஆக வேண்டும். இடையில் பாலிசியை விட்டுவிட்டால் பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பி வராது என்ற நிபந்தனையும் இந்தச் சந்தையில் சகஜம். வக்கீல் செலவு 10 லட்சம் டாலர் வரம்புக்கு உள்ளேயா, வெளியேயா என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே என்றால், வக்கீலுக்குப் போகப் போக நஷ்டஈட்டுக்கு மிஞ்சும் தொகை கரையும்.

விண்ணப்பத்தோடு என்ன வைப்பது? போர்டின் குற்றச்சாட்டு, இறுதி உத்தரவு இரண்டின் முழு நகல். நடந்ததைத் தேதியோடு சொல்லும் ஒரு பக்கக் கடிதம். அதில் பழைய மேலாளரைத் திட்டும் பத்திகள் வேண்டாம்; மதிப்பீட்டாளருக்கு அது பயன்படாது. நிபந்தனைகளை ஒழுங்காகப் பின்பற்றி வருவதற்கான போர்டு கடிதம், பரிசோதனை முடிவுகள், முடித்த பயிற்சி வகுப்புகள், இப்போதைய மேற்பார்வையாளரின் கடிதம். புரொபேஷனின் முதல் மாதத்தில் விண்ணப்பிப்பவரிடம் இவற்றில் பெரும்பாலானவை இருக்காது. முதல் முறை மறுத்த கம்பெனியிடமே ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்பதில் தவறில்லை.

கிடைத்த பாலிசியில் எது இல்லை?

இதுதான் இந்த விஷயத்தின் மையம். நோயாளி போடும் வழக்குக்கான கவரேஜைக் கூடுதல் விலைக்கு விற்க ஒரு கம்பெனி முன்வரலாம். ஆனால் புரொபேஷனில் இருப்பவருக்கு அதிக ஆபத்து நோயாளியிடமிருந்தா வருகிறது? போர்டிடமிருந்துதான். ஒரு பரிசோதனையைத் தவறவிட்டால், ஒரு அறிக்கை தாமதமானால், நிறுத்தி வைத்த ரத்தை அமல்படுத்தச் சொல்லி மனு வரலாம். மனு நிலுவையில் இருக்கும் வரை புரொபேஷன் காலமும் தானாக நீளும்.

முதல் விசாரணையைவிட இது கடினமானது. கலிஃபோர்னியாவில் முதன்முறை லைசென்ஸைப் பறிக்க, தெளிவான, வலுவான ஆதாரம் வேண்டும். புரொபேஷனை ரத்து செய்யும்போது அந்த அளவு தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும் என 2010-ல் ஒரு பல் மருத்துவரின் வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது வக்கீல் அதிகம் தேவைப்படுவது இரண்டாவது முறைதான்.

ஆனால் புதிதாக வாங்கும் பாலிசி கைவிடக்கூடிய இடமும் அதுவே. ஏற்கெனவே தெரிந்த சம்பவம், ஏற்கெனவே உள்ள உத்தரவு ஆகியவற்றிலிருந்து எழும் எதற்கும் பணம் இல்லை என்பது இன்ஷூரன்ஸின் பழைய விதி. எரியும் வீட்டுக்கு யாரும் பாலிசி கொடுப்பதில்லையே! லைசென்ஸ் புரொடெக்‌ஷன் பகுதியையே நீக்கிவிட்டு விற்பதும் நடக்கலாம். அதனால் பணம் கட்டும் முன் புரோக்கரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இப்போதைய புரொபேஷனை மீறியதாக போர்டு மனு போட்டால் வக்கீல் செலவு கிடைக்குமா? புதிய, சம்பந்தமில்லாத புகார் வந்தால் கிடைக்குமா? இரண்டுக்கும் ஒரே பதில் வராமல் போகலாம். முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால், பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதைவிட வக்கீலுக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

வேலை எந்த வார்டு, எந்த ஷிஃப்ட் என்பதையும் விண்ணப்பத்தில் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். கண்காணிப்பு இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு இருக்கும்போது தனியாக நைட் டியூட்டி பார்த்து வழக்கு வந்தால், லைசென்ஸ் நிபந்தனைக்கு வெளியே செய்த வேலை என்று கம்பெனி கைவிரிக்கக்கூடும்.

பழைய பாலிசியை அவசரப்பட்டு விடாதீங்க

புகார் வருவதற்கு முன்பே பாலிசி வைத்திருந்தவரின் நிலை நிறைய மேல். போர்டிடமிருந்து முதல் கடிதம் வந்த அன்றே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். ‘நாமே பேசி முடிச்சுக்கலாம்’ என்று போர்டு அதிகாரியிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு, குற்றச்சாட்டு வந்த பிறகு கம்பெனியைத் தேடினால் தாமதமாகத் தெரிவித்தார் என்ற பிரச்சினை வரும்.

பாலிசியின் வகையும் முக்கியம். ‘அக்கரன்ஸ்’ வகை என்றால், பாலிசி இருந்த காலத்தில் நடந்த சம்பவத்துக்கு வழக்கு எப்போது வந்தாலும் கவர் உண்டு. ‘கிளெய்ம்ஸ் மேட்’ வகை என்றால், வழக்கு வரும்போதும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாவது வகையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறினால், இடைவெளியை அடைக்க ‘டெய்ல்’ என்ற நீட்டிப்பை வாங்க வேண்டி வரும். அதன் விலை ஒரு வருட பிரீமியத்தையே தாண்டக்கூடும். கலிஃபோர்னியாவில் பாதிப்பு நடந்து 3 ஆண்டுகள், அல்லது அது தெரியவந்து 1 ஆண்டு, இரண்டில் எது முந்தியதோ அதற்குள் மருத்துவ அலட்சிய வழக்குப் போட வேண்டும் என்பது பொது விதி. குழந்தைகள் விஷயத்தில் விதி வேறு. ஆக, வார்டை விட்டு வந்து இரண்டு வருடம் ஆனாலும் நோட்டீஸ் வரலாம்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு

அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வுக்கு சென்னையிலேயே மையம் இருக்கிறது. தேர்வு எழுதிவிட்டு ஸ்டாஃபிங் ஏஜென்சி ஒப்பந்தத்தில் போகிறவர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கு கலிஃபோர்னியாவில் புரொபேஷன் வந்தால், ஏஜென்சி வழியாக வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இன்ஷூரன்ஸுக்கும் முன்னால் வந்து நிற்கும். வேலை, ஒப்பந்தம், அந்த ஏஜென்சி கொடுத்துவந்த இன்ஷூரன்ஸ் மூன்றும் ஒரே நாளில் ஆட்டம் காணும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே, இன்ஷூரன்ஸ் யார் பெயரில், எந்த வகை, போர்டு விசாரணைக்கு அது பொருந்துமா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது உதவும். சொந்த பாலிசியை மலிவாக வாங்க முடிவது லைசென்ஸ் சுத்தமாக இருக்கும் அந்த முதல் நாட்களில்தான்.

வேறு மாநிலத்துக்குப் போய்விடலாம் என்ற யோசனையும் எடுபடாது. பல மாநிலங்களில் ஒரே லைசென்ஸில் வேலை செய்ய வழிசெய்யும் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. கலிஃபோர்னியா அதில் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள மாநிலங்களிலும், புரொபேஷன் போன்ற கட்டுப்பாடு வந்தால் மற்ற மாநிலங்களில் வேலை செய்யும் உரிமை முடக்கப்படும்.

கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ புரொபேஷன் பெற்றவர், இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் அதை முன்கூட்டியே முடித்துவைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டால் லைசென்ஸ் பழையபடி சுத்தம். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது மட்டும் படிவத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘இப்போது புரொபேஷனில் இருக்கிறீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’. ‘எப்போதாவது’ என்று கேட்டால், பத்து வருடம் கழித்தும் பதில் ‘ஆம்’தான்.